பரங்கிப்பேட்டையிலிருந்து பேப்பூருக்கு

மங்கை வருவதற்குள் இருபத்து நான்காம் நாள் முதல் இருபத்தொன்பதாம் நாள் வரை எழுதி முடித்திருக்க வேண்டும். காலையில் ஸ்கூட்டரை வாசலில் திருப்பிக்கொண்டே சொன்னாள், "இன்னைக்கு மலையை முடிச்சிடுங்க, சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்று. மலையை முடிப்பது. என்னவோ கொத்தமல்லி ஆய்ந்து வைக்கச் சொல்வது மாதிரி. கோத்தகிரியில் தொடங்கி, ஊட்டி, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூரில் இறங்குகிற ஆறு நாள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை, இவ்வளவுதான் எழுத வேண்டியது. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடக்கிறது, நான்கு சார்ட் தாளை ஒட்டி மங்கை வரைந்தது, கிழக்கு ஓரத்தில் பரங்கிப்பேட்டை, மேற்கு ஓரத்தில் கேரளத்துப் பேப்பூர், இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரே கோடு. ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், முப்பத்தெட்டு நாள், பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் புறப்பாடு. உள்ளங்கையால் தாளைத் தடவுகிறேன். பரங்கிப்பேட்டை மேசையின் இந்த முனையில், அது தெரியும். சேத்தியாத்தோப்பு, எங்கள் விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம். சேலம் வரை கோட்டைப் பார்க்கவே வேண்டாம், வருஷக்கணக்காக ரயிலில் போன வழி. பவானி, கோபி, மேட்டுப்பாளையம். அதற்கு மேல் கோடு இல்லை. இருக்கிறது, எனக்குத்தான் அகப்படவில்லை. தலையை இடப்பக்கம் சாய்க்கிறேன், வலப்பக்கம் சாய்க்கிறேன், கோழி மாதிரி. தாள் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளைகூட இல்லை, தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு நிறம். வலது கண்ணைப் பொத்தினால் கோடு வருகிறது, ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டத்துக்குள், கோத்தகிரி என்று அவள் எழுதியதில் ஒரு எழுத்தும் அடுத்த எழுத்தில் பாதியும். கையை எடுத்தால் புகை வந்து அதையும் மூடிவிடுகிறது. மணி என்ன இருக்கும். பள்ளிக்கூட வேன் சத்தம் இன்னும் கேட்கவில்லை. மூன்றுகூட ஆகியிருக்காது. நேரம் இருக்கிறது.

நடக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன் நான். வண்டியின் கடைசிப் பெட்டியில், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஒரு நோட்டுமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிற ஆள். எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு ஊர்கள் எதிரே வரும், எனக்கு எல்லா ஊரும் போகும். தலைவாசல் ஸ்டேஷன் வருகிறது என்று பார்த்ததே கிடையாது, தலைவாசல் போய்விட்டது என்றுதான் பார்த்திருக்கிறேன். தண்டவாளம் இரண்டும் என் காலடியிலிருந்து புறப்பட்டுத் தூரத்தில் சேர்ந்துகொள்ளும். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபோது ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன், "ஒரு தடவையாவது முன்னாடி பாத்துக்கிட்டுப் போகணும் மங்கை. இந்தக் கடல்லேருந்து அந்தக் கடல் வரைக்கும். நடந்து." சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிராம சுகாதார செவிலியர், ஐந்து கிராமத்துக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அவள் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் வரப்பில் நடந்தே போனவள், நடப்பதில் அவளுக்கு என்ன ஆசை இருக்க முடியும். அவள் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மலை மேல போகுமா?" என்றாள். போகும் என்றேன். "அந்தப் புல்லு இருக்கிற இடம் வழியாவா?" அது வழியாகத்தான் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையில் சார்ட் தாள் இருந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு இடத்தில்தான் சண்டை. கூடலூரைத் தாண்டி நாடுகாணியிலிருந்து வழிக்கடவு வரை இறக்கம், யானைக்காடு, அங்கே பஸ்ஸில்தான் போக வேண்டும் என்கிறாள். "பதினெட்டு கிலோமீட்டர் பஸ்ல போயிட்டு, கடலுக்குக் கடல் நடந்தேன்னு சொல்றதா?" "யானைகிட்ட ரிட்டயர்டு கார்டுன்னு சொல்லிப் பாருங்க, வழி விடுதான்னு பாப்போம்." கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், திரும்பி வந்து அந்தப் பதினெட்டு கிலோமீட்டரை இங்கே ஜங்ஷன் ரோட்டில் நடந்து கழித்துவிடலாமாம். ஏமாற்று மாதிரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. வரிசை என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்டேஷனை விட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு எந்த வண்டியும் போனதில்லை.

கண் கதை பழையது. ஓரத்திலிருந்து உள்ளே வருகிற நோய். பாண்டிச்சேரி டாக்டர் அதன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், மங்கை வாங்கிப் படித்துப் பையில் வைத்துக்கொண்டாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகும், ஆனால் நடுவில் இருக்கிற பார்வை பல வருஷம் நிற்கும் என்று சொன்னார். அந்த நடுவை நம்பித்தான் வரைபடமே. நாங்கள் எழுந்த பிறகு இன்னொன்றும் சொன்னார், "நடுவுல மங்குற மாதிரி இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க, உடனே வாங்க." நடுவும் மங்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, சவரம் செய்யும்போது, கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது என்று துண்டால் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். எவ்வளவு நேரம் துடைத்தேனோ, மங்கை வெளியிலிருந்து, "கண்ணாடி தேஞ்சிடப் போகுது" என்றாள், நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். கையில் துண்டு இருந்தது, கதவு திறந்திருந்தது, அவள் இரண்டடி தள்ளி நின்றாள். அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனதும் நாட்காட்டி முன்னால் நிற்பது ஒரு வேலையாகிவிட்டது. இடது கண்ணை மூடிக்கொண்டு தேதியைப் பார்ப்பேன். முதல் வாரம் எண் தெரிந்தது. இரண்டாம் வாரம் எண் இருக்கிறது என்று தெரிந்தது. இந்த வாரம் நாட்காட்டி இருக்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும், வெயிலால் இருக்கும், தூக்கம் போதவில்லை, மார்கழிப் பனி. ஒவ்வொரு காலையும் ஒரு காரணம் கையில் தயாராக இருக்கிறது, பல் துலக்குகிற பிரஷ் மாதிரி. சொன்னால் என்ன ஆகும். திட்ட மாட்டாள். அழவும் மாட்டாள். மேசைக்கு வந்து இந்தத் தாளை ஒட்டின இடம் கிழியாமல் நான்காக மடித்து, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அந்த மடிக்கிற சத்தம். மூன்று வாரமாக நான் பயந்துகொண்டிருப்பது கண்ணுக்கா அந்தச் சத்தத்துக்கா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆனால் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்து வருஷம் இருக்கும், ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் பார்வை போதாது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய தடவை, வரிசையில் நின்றபடியே முன்னால் இருந்தவர்கள் படித்த எழுத்துகளைக் காதால் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்துவிட்டேன். இந்தத் தடவை டாக்டர் அட்டையைத் திருப்பிவிட்டார். கார்டு வேலை போயிற்று, அதே சம்பளத்தில் பார்சல் ஆபீசில் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாசம், தினமும் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினேன், ஸ்டேஷன் ஓய்வறையில் சட்டை மாற்றிக்கொண்டு பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து சின்னசேலத்தில் சிக்னல் விழவில்லை, ஆத்தூரில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டான் என்று இல்லாத வண்டிகளைப் பற்றி விவரம் வேறு சொன்னேன். பிறகு ஒரு நாள் மத்தியானம் கவுண்டருக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். நான் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தேன், அவள் கவுண்டரின் ஓரமாக நின்றிருந்தாள், என் குழாய்க்கு வெளியே. "எங்கம்மா அனுப்பணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "ஈரோட்டுக்கு" என்று குரல் வந்தது. "என்ன பொருள்?" "சைக்கிள். எம் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா." அப்போதுதான் நிமிர்ந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேறு யாரோ ஃபாரம் கொடுத்தால் எழுதுகிற மாதிரி, கொடுத்த பேனாவால் விண்ணப்பத்தை நிரப்பினாள், அனுப்புநர் மங்கையர்க்கரசி, கணவர் பெயர் உலகநாதன் என்று எழுதி என் பக்கம் தள்ளினாள், சைக்கிளை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் நான் வெள்ளைச் சட்டையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்படியிலிருந்து சொன்னாள், "இனிமே எதுவானாலும் எங்கிட்ட முதல்ல சொல்லுங்க. எனக்கு அது மட்டும் போதும்." சரி என்றேன். கட்டின புருஷன் எதிரே உட்கார்ந்துகொண்டு யார் என்று தெரியாமல் எங்கம்மா அனுப்பணும் என்று கேட்டால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும். அந்தக் கேள்வியை அவளிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை.

வேன் போகிறது. மூன்றே கால். பேனாவையாவது எடுப்போம். இருபத்து நான்காம் நாள், கோத்தகிரியிலிருந்து ஊட்டிப் பக்கம் பதினைந்து கிலோமீட்டர். எழுத்து கோட்டில் நிற்கிறதா கோணிப்போகிறதா தெரியவில்லை, கை பழக்கத்தில் போகிறது. இருபத்தைந்து, ஊட்டி. இருபத்தாறு, ஊட்டியிலிருந்து ஒன்பதாவது மைல் புல்வெளி வழியாக. அங்கே பேனா நின்றுவிடுகிறது. கல்யாணமான மூன்றாம் மாசம் ரயில்வே பாஸில் போனோம். அதுவரை மலை என்றால் மரம் என்று நினைத்திருந்தேன். மரமே இல்லை. புல், கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல், மேடு மேடாக, படுத்திருக்கிற மாடுகளின் முதுகு மாதிரி, ஒன்றன் பின்னால் ஒன்று. மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் கறுப்பாகக் காடு ஒதுங்கியிருந்தது. காற்று அடித்தால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெயில் அதன் மேல் நழுவிக்கொண்டே போகும். மங்கை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மஞ்சளாக ஏதோ பூத்திருக்கிறது என்று என் கையை விட்டுவிட்டுத் தள்ளிப் போனாள், அந்த இரண்டு நிமிஷத்தில் மூடுபனி வந்துவிட்டது. வருவது தெரியவில்லை, வந்த பிறகுதான் தெரிந்தது. நீட்டின கை மணிக்கட்டோடு காணாமல் போயிற்று. அவளைக் காணோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல், "உலகநாதன்!" என்று. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. அதுவரைக்கும் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. என்னங்க என்று கூப்பிட்டிருந்தால் அந்த மலையில் இருந்த புருஷன்மார் எல்லாரும் திரும்பியிருப்பார்களாம், பிறகு சொன்னாள். இன்னும் மூன்று தடவை கூப்பிட்டாள். சத்தம் வந்த திசையில் கையை நீட்டிக்கொண்டே போய் அவள் தோளைத் தொட்டேன், முடியெல்லாம் ஈரம், பல் தந்தியடித்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பனி வேண்டாம். இந்தத் தடவை தெளிவாக வேண்டும். அந்த மாட்டு முதுகுகள் எத்தனை என்று எண்ண வேண்டும், எனக்கு முன்னால் எதிரே அவை வர வேண்டும், நான் அவற்றை நோக்கி நடக்க வேண்டும். பிப்ரவரி பதினான்கு. இன்னும் எட்டு வாரம். வலது கண்ணுக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. இடதுக்கும் அதே கணக்கு என்றால். வேண்டாம். இருபத்தேழு, பைக்காரா.

போன் அடிக்கிறது. திரையில் யார் என்று பார்க்கிற பழக்கத்தை விட்டாயிற்று, எடுத்துவிடுவதுதான். "அண்ணா, நடுவட்டத்துலேருந்து பெள்ளி பேசறேன்." பெள்ளி தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிற படுகர், வீட்டோடு ஒட்டி ஒரு அறை வைத்திருக்கிறார், மங்கைதான் யாரையோ விசாரித்து நம்பர் பிடித்தாள். "பிப்ரவரி பதினாறு ரூம் எழுதி வச்சிட்டேன். ஒரு ராத்திரியா ரெண்டு ராத்திரியா?" ஒன்று என்றேன். "நெஜமாவே நடந்துதான் வர்றீங்களாண்ணா? எங்க வீட்டுல நம்பவே மாட்டேங்கறாங்க." "நடந்துதான் பெள்ளி." "வாங்க வாங்க. பைக்காரா தாண்டினதும் ரோடு வளைவா இருக்கும், சில எடத்துல பஸ் வந்தா ஒதுங்கறதுக்கு ஒரு அடிதான் இருக்கும், அந்தப் பக்கம் பள்ளம். பாத்து நடக்கணும்." சரி என்றேன். "இப்பப் பாத்தீங்கன்னா வானம் அப்படியே கழுவி வச்ச மாதிரி இருக்குது. காலைல புல்லு மேல பனி உறைஞ்சு உப்புக் கொட்டின மாதிரி. ரெண்டு மாசம் கழிச்சுப் புல்லெல்லாம் காஞ்சு போயிடும், ஆனா அதுவும் நல்லாத்தான் இருக்கும்." வைத்துவிட்டார். பாத்து நடக்கணும். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான். வாசலில் காய்கறிக்காரர் சொல்வார், மழை பெய்தால் பக்கத்து வீட்டு அம்மா சொல்வார், ஒன்றும் உறைத்ததில்லை. ஒரு அடி. பஸ் எந்தப் பக்கம் வரும். பஸ் வந்தால் நான் அவளை உள்பக்கம் தள்ளுவேனா, அவள் என்னைத் தள்ளுவாளா. அவள்தான் தள்ளுவாள், வேறு எப்படி. அவள் பள்ளத்துப் பக்கம் நிற்பாள். என் வாயை மூடிக்கொண்டு நான் கூட்டிப் போகிற இடம் அதுதான், ஒரு அடி அகலம், என் வலக்கண்ணில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடந்து காட்டுவேன், நாட்காட்டி முன்னால் நின்று பழகின ஆள் அல்லவா. எழுத்து அட்டையை ஒப்பித்த மாதிரி வளைவுகளை ஒப்பிப்பேன். இதை இதுவரைக்கும் ஏன் யோசிக்கவில்லை. மூன்று வாரமும் அவள் தாளை மடிப்பதைத்தான் யோசித்தேன். அவள் எங்கே கால் வைப்பாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

சரி, சொல்லிவிடலாம். எப்படி. காபி கொடுத்த பிறகு. காபி நான்தான் போடுவேன், பால் பொங்குகிற சத்தம் வைத்துப் போட்டுவிடலாம், அதில் கஷ்டமில்லை. ஒரு விஷயம் மங்கை என்று ஆரம்பிக்கலாம், அப்படி ஆரம்பித்தால் பயந்துவிடுவாள். வலது கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று சொல்லலாம். கொஞ்சம் என்பது பொய். ஈரோட்டிலேயே வேலை தேடிக்கொண்டுவிட்ட எங்கள் பெண் எழிலியிடம் முதலில் சொல்லி, அவளைச் சொல்லச் சொல்லலாம். அது பார்சல் ஆபீஸைவிட மோசம். எங்கிட்ட முதல்ல. முதல்ல என்றால் முதலில்தான். அல்லது சேலம் வரை போய்விட்டுச் சொல்லலாம், சேலம் வரை எனக்கு வழி தெரியும், கால் தானாகப் போகும், இருநூறு கிலோமீட்டராவது நடந்தோம் என்று இருக்கும். பார், மறுபடியும். புத்தி எந்தப் பக்கம் விட்டாலும் அதே பள்ளத்துக்குத்தான் ஓடுகிறது. எழுந்து பால் பாத்திரத்தை எடுக்கிறேன். அடுப்பு மூன்றடி, திரும்பினால் இரண்டடி. இந்த வீட்டை அளந்து வைத்திருக்கிறேன். அவளோடு பேசுவதைக்கூட அளந்துவிட்டேனோ, அங்கே கால் வைக்காதே, இங்கே இடிக்கும் என்று. பால் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு சின்னச் சத்தம் வரும், பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், ஸ்கூட்டர் சத்தம் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது.

சீக்கிரம் வந்துவிட்டாள். ஸ்டாண்டு போடுகிறாள், செருப்பு ஒன்று, செருப்பு இரண்டு, குழாயில் கை கழுவுகிறாள், எப்போதும்போல முழங்கை வரை. "லீவு போட்டாச்சு" என்று உள்ளே வரும்போதே சொல்கிறாள். "நாப்பது நாளும் சாங்ஷன். எங்க ஆஸ்பத்திரி டாக்டர் கேக்குறாரு, எங்கம்மா போறீங்க இத்தனை நாளைக்குன்னு. கடலுக்குன்னேன். பாண்டிச்சேரியான்னாரு. ஆமா, ஆனா சுத்திக்கிட்டுப் போறோம்னு சொல்லிட்டேன்." சிரிக்கிறாள். அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று. சொல்லாதே, இன்று வேண்டாம், இந்தச் சிரிப்பு ராத்திரி வரைக்குமாவது இருக்கட்டும். மேசைப் பக்கம் போகிறாள், தாளின் சத்தம், "மலை முடிஞ்சுதா?" என்று கேட்டபடி நான் எழுதியதை எடுக்கிறாள். பால் பொங்குகிறது. அணைக்கிறேன். எவ்வளவு கோணலாக எழுதியிருக்கிறேனோ, ஒரு வரி மேல் இன்னொரு வரியே ஏறியிருக்கிறதோ. "மங்கை" என்கிறேன், அடுப்பைப் பார்த்தபடியே, "வலது கண்ணுல நடுவுல ஒண்ணும் தெரியலை. இடது பரவாயில்லை. மூணு வாரமா."

தாளைக் கீழே வைக்கிற சத்தம். நான் அந்த இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன், மடிக்கிற சத்தத்துக்கு. நாற்காலி இழுபடுகிறது. உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போகிறார், குரல் முனைக்குப் போய்த் திரும்பி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டோம்.

"மூணு வாரமா" என்றாள்.

"ஆமா."

"பார்சல் ஆபீஸ் மூணு மாசம். இப்ப மூணு வாரம்." தாளை விரலால் நீவுகிற சத்தம். "முன்னேறித்தான் இருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். அவள் குரல் கொஞ்சம் உடைந்து, உடனே நிமிர்ந்தது, கர்ப்பிணிகளிடம் பேசுகிற குரலாக. "வலி இருக்கா?" இல்லை. "நேர்க்கோடு வளைஞ்சு தெரியுதா?" முதலில் வளைந்தது, இப்போது கோடே இல்லை. "இடது கண்ணுல?" தேதி தெரிகிறது. "டாக்டர் என்ன சொன்னாரு, ஒரு நாள்கூடத் தள்ளாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?" சொன்னார். "இருபது நாளைத் தொலைச்சிருக்கீங்க. வீக்கமா இருந்தா மருந்து இருக்கு, அன்னைக்கே போயிருந்தா. இப்ப என்னவோ." முகத்தை முந்தானையால் துடைக்கிறாள் என்று தெரிந்தது, துணி கழுத்துச் சங்கிலியில் உரசியது.

"நடக்க வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். "மடிச்சு வச்சிடு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"யாரு வேண்டாம்னது?" பேனா மூடியைத் திறக்கிற சத்தம். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடியக்காலை முதல் பஸ்ஸுல பாண்டிச்சேரி. அதுல மாத்தமில்லை. ஊசின்னா ஊசி, தங்கணும்னா தங்கணும். அவரு போலாம்னு சொன்னாருன்னா, வர்ற புதன்கிழமை கோத்தகிரி."

எனக்குப் புரியவில்லை. "கோத்தகிரி இருபத்து நாலாம் நாளு."

"முதல் நாளு. மலையை முதல்ல நடந்திடுவோம். ஆறு நாள் எனக்குத் தற்செயல் விடுப்பு இருக்கு, எங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். மீதியை நீங்க எழுதின மாதிரியே பொங்கல் கழிச்சு."

"அது வரிசை இல்லையே மங்கை. கடல்லேருந்துதானே ஆரம்பிக்கணும்."

"கடல் எங்க போயிடப் போகுது. கடலுக்குக் கண்ணு வேணுமா, ரெண்டு தெரு முன்னாடியே சத்தம் கேக்கும், வாசம் வரும், கால்ல அலை வந்து அடிக்கும். புல்லு அப்படி இல்லை. புல்லை நீங்க பாக்கணும்." பேனா தாளின் மேல் ஓடியது, எதையோ அடித்து எதையோ எழுதினாள். "அப்புறம் அந்த வளைவு. நடுவட்டத்துக்கு முன்னாடி. அங்க நீங்க உள்பக்கம், நான் ரோட்டுப் பக்கம். பஸ்ஸு சத்தம் கேட்டா நிக்கணும், ஒதுங்குற வேலை என்னுது. சரியா?"

"பெள்ளி சொன்னாரா உனக்கு?"

"போன மாசமே சொன்னாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். "பெள்ளி தம்பி, விருத்தாசலத்துலேருந்து மங்கையர்க்கரசி. வர்ற புதன்கிழமை ஏறினோம்னா உங்க ஊருக்கு ஞாயித்துக்கிழமை வந்திடுவோம். ரூம் கெடைக்குமா? ... ஆமா, முன்னாடியே வர்றோம். ... குளுரு இருக்கட்டும், கம்பளி எடுத்துட்டு வர்றோம். ... இல்லை, டாக்டரு சரின்னா மட்டும்தான், சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டு உறுதி பண்றேன். ... ரெண்டு பேரும்தான்."

போனை வைத்துவிட்டு அவள் எழுந்தாள், ஆறிக்கொண்டிருந்த பாலில் டிகாஷனை ஊற்றினாள், இரண்டு டம்ளரையும் மேசைக்குக் கொண்டுபோனாள். நான் மூன்றடி நடந்து என் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். வழக்கமாக அவள் உட்காருவது என் இடப்பக்கம், ஜன்னலோரம். டம்ளர் என் கையில் வந்தது. அவள் உட்காரவில்லை.

"இனிமே நான் எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று கேட்டாள்.

யாரும் என்னிடம் இதுவரை கேட்காத கேள்வி. யோசித்தேன். "வலப்பக்கம்" என்றேன். "நடக்கும்போதும், உக்காரும்போதும்."

நாற்காலியைத் தூக்கினாள், இழுக்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் வைத்தாள். புகைக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில், அவள் வந்து உட்கார்ந்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

நாற்காலி நகர்ந்தது. அவள் முழங்கை என் முழங்கையில் பட்டது.